குகையா, தச்சர் வேலையா? மேற்கிந்தியப் பௌத்தக் குடைவரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஜா, கார்லே, நாசிக், கண்ஹேரி, அஜந்தா, எல்லோரா. மகாராஷ்டிரத்தின் மலைச்சரிவுகளில் பௌத்தர்கள் குடைந்த இந்த இடங்களுக்குப் போய் வந்தவர்களும் போகத் திட்டமிடுகிறவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். மரத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் நீண்டுவிட்டது. எனக்குப் பிடித்த கேள்வி அது.

இவை இயற்கையாக உண்டான குகைகளா?

இல்லை. முழுப் பாறையை உளியால் குடைந்து உண்டாக்கியவை. தமிழில் இதற்குக் ‘குடைவரை’ என்று துல்லியமான சொல்லே இருக்கிறது; வரை என்றால் மலை. மராத்தியில் ‘லேணி’ என்பார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டுகளிலும் ‘லேண’ என்றுதான் இருக்கிறது. ‘குகை’ என்று சொல்லிச் சொல்லி, அது முனிவர் ஒருவர் புகுந்துகொண்ட பொந்து போல நம் மனத்தில் பதிந்துவிட்டது. கார்லேயின் பெரிய மண்டபம் ஏறத்தாழ 38 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரம். பொந்து என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

எல்லாம் அசோகர் செய்ததுதானே?

அசோகர் காலத்துக் குடைவரைகள் பீகாரில், கயைக்கு வடக்கே பராபர் குன்றுகளில் இருக்கின்றன. அவற்றுள் சுதாமா, விஸ்வகர்மா என்று இப்போது அழைக்கப்படும் இரண்டையும் தம் 12ஆம் ஆட்சியாண்டில் அவர் கொடையளித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கொடுத்தது பௌத்தர்களுக்கல்ல, ஆசீவகர்கள் என்ற வேறொரு துறவிப் பிரிவினருக்கு. உள்ளே கருங்கல் சுவரைக் கண்ணாடிபோல இழைத்திருக்கிறார்கள். அருகிலுள்ள லோமச ரிஷி குகையின் வாசலில் மூங்கிலையும் மரத்தையும் வளைத்துக் கட்டிய குடிசை முகப்பு அப்படியே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. வளைவுக்குள் யானைகள் வரிசையாக நடக்கின்றன. இந்த வாசல் வளைவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேற்கிந்தியக் குடைவரைகள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்குகின்றன.

ஏன் மேற்கு மலைத்தொடரில் மட்டும் இத்தனை?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது பாறை. தக்காணத்தின் பெரும்பகுதி சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த நிலம். அதனால் மலைகள் கிடைமட்டப் படிவங்களாக, செங்குத்தான முகங்களோடு நிற்கின்றன. நல்ல படிவம் அமைந்துவிட்டால் கல் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். பக்கவாட்டில் நேராக உள்ளே போய்விடலாம்.

இரண்டாவது வணிகப் பாதை. சோபாரா, கல்யாண் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு கணவாய்கள் வழியாக ஏறித்தான் பைத்தான் போன்ற உள்நாட்டு நகரங்களுக்குப் போயிற்று. கார்லே, பாஜா, பேட்சே மூன்றும் போர் கணவாயின் மேற்பகுதியில், அருகருகே இருக்கின்றன. ஜுன்னருக்குப் பக்கத்தில் நாணே கணவாய். ஊரைவிட்டுத் தள்ளி, ஆனால் மாட்டுவண்டிப் பாதை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்: பிச்சையேற்று வாழும் துறவிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மூன்றாவது மழை. மழைக்கால மாதங்களில் பௌத்தத் துறவிகள் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது சங்க விதி. ஜூலையில் ஒருமுறை லோனாவ்லா பக்கம் போய்ப் பாருங்கள், ஒழுகாத கூரைக்கு என்ன மதிப்பு என்று புரியும்.

சைத்தியம், விகாரை: என்ன வேறுபாடு?

சைத்தியம் வழிபட, விகாரை தங்க.

சைத்திய மண்டபம் நீளமானது. பின்சுவர் அரைவட்டமாக வளைந்திருக்கும். அந்த வளைவுக்குள் தூபி, அதாவது புத்தரின் நினைவாக வணங்கப்படும் அரைக்கோள மேடு, நிற்கும். இரு பக்கமும் தூண் வரிசை ஓடித் தூபியின் பின்னால் வளைந்து ஒன்றுசேரும். தூணுக்கும் சுவருக்கும் இடையில் வலம்வரும் வழி. முகப்பில் குதிரை லாட வடிவத்தில் ஒரு பெரிய சாளரம். உள்ளே வெளிச்சம் வருவது முக்கியமாக அதன் வழியாகத்தான். கார்லே மேற்கு நோக்கியது, ஆகவே பிற்பகலில் போங்கள். கூட்டத்தோடு காலையில் போனவர்கள் ‘இருட்டாக இருந்தது’ என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

விகாரை என்பது நடுவில் ஒரு கூடம், மூன்று பக்கமும் சிற்றறைகள். அறைக்குள் கல் படுக்கை. வாசல் நிலையின் மேலும் கீழும் கதவின் குடுமி சுழன்ற குழிகள் இன்னும் தெரிகின்றன. கதவு மரத்தால் ஆனது, அது போய்விட்டது.

கல்லுக்குள் ஏன் மர விட்டங்கள்? பின்னால் சேர்த்தவையா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், தொல்லியல் துறை முட்டுக்கொடுத்திருக்கிறது என்று. அது பழைய வேலை. கார்லேயிலும் பாஜாவிலும் வளைந்த கூரையின் அடியில் விலா எலும்புபோல வரிசையாகத் தேக்கு மர வளைவுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. பாஜாவின் மரங்களில் பிராமி எழுத்துகளே கிடைத்திருக்கின்றன. கார்லே தூபியின் உச்சியில் விரிந்திருக்கும் மரக்குடையும் பழையதுதான்.

வேடிக்கை என்னவென்றால் இந்த விலாக்கள் எதையும் தாங்கவில்லை. மேலே இருப்பது மலை, அதற்குத் தாங்கல் தேவையே இல்லை. பிறகு எதற்கு? கோயில் என்றால் மரக்கூரை இருக்கவேண்டும் என்று அவர்களுக்குப் பழகியிருந்தது. சமவெளிகளில் அவர்கள் வழிபட்டது மரத்தாலும் செங்கலாலும் ஆன மண்டபங்களில். அவை மண்ணோடு மண்ணாகிவிட்டன. அவற்றின் உருவம் மட்டும் மலைக்குள் பத்திரமாக இருக்கிறது.

பாஜாவில் தூண்களைக் கவனியுங்கள், எல்லாம் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும். வேலை தெரியாதவன் செய்தது என்று எண்ணிவிடாதீர்கள். வளைந்த மரக்கூரை தன் பாரத்தால் தூண்களை வெளிப்பக்கம் தள்ளும். அதற்கு ஈடுகொடுக்கத் தச்சன் தூணை உள்ளே சாய்த்து நடுவான். கல்லில் அந்தச் சாய்வுக்கு ஒரு பயனும் இல்லை, என்றாலும் சாய்த்தே வெட்டியிருக்கிறார்கள். பாஜாவின் முகப்பு முழுவதும் ஒரு காலத்தில் மரத்தால் ஆனதாக இருந்தது. அது இல்லாததால்தான் இன்று வெட்டவெளியில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. மரம் செருகிய துளைகள் பாறையில் இருக்கின்றன.

கார்லேயில் தூண்கள் நிமிர்ந்துவிட்டன. ஆனால் இரு பக்க வரிசைகளிலும் தூண்கள் கல் குடங்களுக்குள் நிற்கின்றன. மரத்தூணின் அடியைக் கரையானும் ஈரமும் அரிக்காமல் குடத்துக்குள் இறக்கி வைத்த வழக்கத்தின் எச்சம் இது என்று விளக்குவார்கள்.

இன்னும் நெருங்கிப் பார்க்கவேண்டுமென்றால் கார்லேயின் வாசலுக்கு வாருங்கள். அங்கே ஒரு சிறு கல்வெட்டு, தேனுகாகடம் என்ற ஊரைச் சேர்ந்த வேணுவாசன் மகன் சாமி இந்த வாசலைச் செய்தான் என்கிறது. தன் தொழிலுக்கு அவன் சொல்லும் பெயர் ‘வட்டகி’, அதாவது தச்சன். கல் வாசல், செய்தவன் தச்சன். கண்ஹேரியின் சைத்தியக் கல்வெட்டில் வேலை செய்தவர்களைச் ‘சேல வட்டகி’ என்று குறித்திருக்கிறார்கள். சேல என்பது கல். கல்தச்சன்! நாமும் சிற்பியைக் கல்தச்சன் என்றுதானே சொல்கிறோம்.

காலம் போகப்போக மரம் விலகிக் கல்லே அந்த வேடத்தைப் போட்டுக்கொள்கிறது. அஜந்தாவின் 10ஆம் குகையில் நடு மண்டபத்து விலாக்கள் மரமாக இருந்து உதிர்ந்துவிட்டன, பக்க வழியில் கல் விலாக்கள் நிற்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டில் குடைந்த 19, 26ஆம் குகைகளில் எல்லாமே கல். எல்லோராவின் 10ஆம் குகைக்கு வரும்போது அசல் சைத்திய மரபே முடியும் தறுவாயில் இருக்கிறது, ஆனாலும் கூரையில் கல் விலாக்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சுதார் கா ஜோப்டா’, தச்சன் குடிசை. கட்டடக்கலை நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவர்கள் மூன்று சொல்லில் முடித்துவிட்டார்கள்.

எந்தப் பக்கத்திலிருந்து வெட்டினார்கள்?

மேலிருந்து கீழே. முதலில் பாறையின் முகத்தைச் செதுக்கிச் சமப்படுத்துவார்கள். பிறகு கூரை உயரத்தில் உள்ளே நுழைந்து, கூரையை முடித்துக்கொண்டே கீழே இறங்குவார்கள். நிற்பதற்குக் காலடியில் பாறையே இருப்பதால் சாரம் வேண்டியதில்லை. தூண் வரவேண்டிய இடத்தைக் குறித்துவைத்து அங்கே கல்லை விட்டுவிட வேண்டும். அளவு தவறினால் ஒட்டவைக்க முடியாது. வெட்டும்போது நடுவில் பிளவு தெரிந்தால் திட்டத்தையே மாற்றவேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள முடிந்துபோன குகை உதவாது. அஜந்தாவில் 24ஆம் குகைக்குப் போங்கள். பெரிய விகாரையாக எண்ணித் தொடங்கிப் பாதியில் நின்றது. ஆழமாக வாய்க்கால்கள் வெட்டி, நடுவில் கட்டிகளாக நிற்கவிட்டு, பிறகு அந்தக் கட்டிகளைத் தட்டிப் பெயர்த்திருப்பது அங்கே அப்படியே தெரியும். சுவரில் உளிக்கோடுகள் நேற்று விழுந்தவை போல இருக்கின்றன. சுற்றுலா வழிகாட்டிகள் அங்கே நிற்கமாட்டார்கள், நீங்கள் நில்லுங்கள்.

இவ்வளவு பணம் யார் கொடுத்தார்கள்? அரசர்களா?

அரசர்கள் உண்டு. நாசிக்கின் 3ஆம் குகையைக் கொடையாக அளித்தவர் சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணியின் தாய் கௌதமி பாலஸ்ரீ. மூன்று கடல்களின் நீரைக் குடித்த குதிரைகளை உடையவன் என்று மகனைப் புகழும் அந்தக் கல்வெட்டு, பேரன் புலுமாவியின் 19ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இறந்த மகனைப் பற்றி ஒரு தாய் பொறிக்கவைத்த வரிகள் என்று தெரிந்து படித்தால் அரச புகழ்ச்சி வேறு மாதிரி ஒலிக்கிறது.

ஆனால் கார்லேயில் தூண்களை எண்ணிக்கொண்டே கல்வெட்டுகளைப் படித்தால் வேறு உலகம். முழு மண்டபத்தையும் முடித்துவைத்ததாகச் சொல்லிக்கொள்பவர் வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலன் என்ற செட்டி. வைஜயந்தி என்பது கர்நாடகத்தின் பனவாசி. ஜம்புத்தீவிலேயே சிறந்த மலைமாளிகை இதுதான் என்று அவரே பொறித்துவைத்திருக்கிறார். அடக்கத்துக்கும் அவருக்கும் தூரம். தூண்களில் பல தேனுகாகடத்து யவனர்கள் கொடுத்தவை. வாசனைப் பொருள் விற்ற சிம்மதத்தன் ஒரு வாசலைக் கொடுத்திருக்கிறான். சோபாராவிலிருந்து வந்த ஓதுவார் ஒருவர் கொடுத்த தூணில் புனித எச்சம் வைக்கப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஜுன்னரில் தானிய வணிகர் குழு ஒன்று ஏழறைக் குகையும் ஒரு நீர்த்தொட்டியும் கொடுத்திருக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது நாசிக்கின் 10ஆம் குகை. நகபானன் என்ற சத்திரப (சக குலத்து) மன்னனின் மருமகன் உஷவதாதன் கொடுத்தது. குகையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை, 3,000 கார்ஷாபணக் காசுகளை வைப்புநிதியாகப் போட்டிருக்கிறான். எங்கே? அரசன் கருவூலத்தில் அல்ல, கோவர்த்தனம் என்ற ஊரின் நெசவாளர் குழுக்களிடம். 2,000 காசு ஒரு குழுவிடம், மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. 1,000 காசு இன்னொரு குழுவிடம், மாதம் நூற்றுக்கு முக்கால். முதலைத் தொடக்கூடாது, வட்டியை மட்டும் எடுக்கலாம். முதல் தொகையின் வட்டியில் குகையில் மழைக்காலம் தங்கும் 20 துறவிகளுக்குத் தலைக்கு 12 காசு ஆடைச் செலவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000க்கு மாதம் 20, ஆண்டுக்கு 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் 240. ஒரு காசு மிஞ்சவில்லை, ஒரு காசு குறையவில்லை. துறவிக்கு ஆடை நெய்யப்போகிறவர்களிடமே அதற்கான பணத்தையும் வட்டிக்கு விட்டிருக்கிறார்கள்.

பழைய குகைகளில் புத்தர் சிலை ஏன் இல்லை?

தொடக்கக் காலத்தில் புத்தரை மனித உருவில் வைத்து வணங்கும் வழக்கம் பரவியிருக்கவில்லை. தூபிதான் வழிபாட்டுப் பொருள். பாஜாவின் தூபி வழவழவென்று ஒன்றுமே செதுக்காமல் நிற்கும். அதே வடிவம் அஜந்தாவின் 19ஆம் குகையில் உயர்ந்து, ஒடுங்கி, முன்பக்கத்தில் நிற்கும் புத்தரைத் தாங்கியிருக்கிறது. எல்லோராவின் 10ஆம் குகையில் அமர்ந்த புத்தர் அவ்வளவு பெரியவர் ஆகிவிட்டார், பின்னாலுள்ள தூபி அவருக்கு முதுகு சாயும் திண்டுபோலத் தெரிகிறது. விகாரைகளிலும் இதே கதைதான்: வெறும் அறைகளாக இருந்த பின்சுவரின் நடுவில் கருவறை வந்து புத்தர் குடியேறுகிறார்.

கார்லே முகப்பில் புத்தர் உருவங்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். பிற்காலத்தில் சேர்த்தவை.

தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

கண்ஹேரியில் பாருங்கள், மும்பை போரிவலியில் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். வாசல் ஓரங்களில் பாறையில் வெட்டிய தொட்டி. மலை முகட்டில் விழும் மழையைச் சிறு வாய்க்கால்கள் தொட்டிகளுக்குக் கொண்டுவருகின்றன. குகை கொடுத்த பலர் தொட்டியையும் சேர்த்தே கொடுத்ததாகக் கல்வெட்டில் எழுதுகிறார்கள்.

அஜந்தா ஓவியங்கள் ஈரச்சுதையில் வரைந்தவையா?

அல்ல. ஐரோப்பாவில் சுண்ணச்சாந்து ஈரமாக இருக்கும்போதே வரைவார்கள், வண்ணம் சாந்தோடு இறுகிவிடும். அஜந்தாவில் உளிவெட்டோடு கரடாக விட்ட பாறையின் மேல் மண், உமி, புல் நார் கலந்த சாந்தைப் பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு கொடுத்து, உலர்ந்தபின் பசை கலந்த வண்ணத்தால் தீட்டினார்கள். சிவப்பும் மஞ்சளும் காவிமண். கறுப்பு விளக்குக் கரி. பச்சையும் ஒருவகை மண்தான். நீலம் மட்டும் வெளியூர்ச் சரக்கு, ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை அரைத்தது. மண்சாந்து என்பதால் ஈரமும் பூச்சியும் வௌவாலும் எளிதில் கெடுத்துவிட்டன.

இந்த ஓவியங்களைப் படியெடுத்தவர்களின் கதையும் சோகமானது. ராபர்ட் கில் 1844 முதல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து வரைந்த படிகளில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் எரிந்தன. அடுத்து ஜான் கிரிஃபித்ஸ் பம்பாய் ஓவியப்பள்ளி மாணவர்களோடு வரைந்தவற்றில் பல 1885இல், அதே லண்டனில், இன்னொரு தீயில் போயின.

அஜந்தாவை ஆங்கிலேயர்தான் கண்டுபிடித்தார்களா?

1819 ஏப்ரலில் புலிவேட்டைக்கு வந்த சென்னைப் படையின் அதிகாரி ஜான் ஸ்மித் 10ஆம் குகையைக் கண்டார். கண்டதோடு விடாமல் தூணில் இருந்த ஓவியத்தின் மேல் தன் பெயரையும் தேதியையும் கீறினார். அந்தக் கீறல் இன்று நம் தலைக்கு மேலே இருக்கிறது. அவர் நின்றது பல அடி உயரத்துக்குச் சேர்ந்திருந்த மண்மேட்டின் மீது. சுற்றுவட்டார மக்களுக்கு இடம் தெரிந்தே இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் விவரிக்கும் மலை விகாரை ஒன்றின் வாசலில் கல் யானைகள் உண்டு. அது அஜந்தாதான் என்று பலர் கருதுகிறார்கள். கண்ஹேரியில் 1009, 1021 ஆண்டுகளில் வந்த பார்சிகள் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்தில் தங்கள் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். சுவரில் பேர் எழுதும் வியாதி ஸ்மித்தோடு தொடங்கியதல்ல.

நாசிக் குகைகளுக்குப் ‘பாண்டவ லேணி’ என்ற பெயர் எப்படி வந்தது?

யார் செய்தது என்று மறந்துபோனால் பாண்டவர் தலையில் கட்டிவிடுவது இந்தியா முழுவதும் உள்ள பழக்கம். ஆற்காட்டுக்கு அருகே சமணர் வாழ்ந்த குன்று நமக்குப் பஞ்சபாண்டவர் மலைதான்.

தமிழ்நாட்டில் இப்படிப் பௌத்தக் குடைவரை உண்டா?

கார்லே போன்ற பௌத்தச் சைத்தியக் குடைவரை இங்கே இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் அகழ்ந்தெடுத்த பௌத்த விகாரை செங்கல் கட்டடம். நம் குடைவரைக் கோயில்களில் புகழ்பெற்ற தொடக்கம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டு, ஏழாம் நூற்றாண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவுமின்றி நான்முகனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் இதைச் செய்தேன் என்று அவன் கல்வெட்டிலேயே பெருமைப்படுகிறான்.

மரம் வேண்டாம் என்றாலும் மரம் விடுவதாயில்லை. மாமல்லபுரத்தில் சகாதேவ ரதத்தின் பின்பக்கம் போய் நில்லுங்கள். அரைவட்டமாக வளைந்திருக்கும். யானையின் பின்புறம்போல இருப்பதால் அந்த வடிவத்துக்குத் ‘தூங்கானை மாடம்’ என்று பெயர். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோலப் பக்கத்திலேயே ஒரு கல் யானையும் நிற்கிறது. சைத்திய மண்டபத்தின் தரைப்படமும் அதே வடிவம்தான்.

அடுத்து, எந்தப் பழைய கோயிலானாலும் சரி, கூரையின் விளிம்பில் ஓடும் கபோதத்தைப் பாருங்கள். வரிசையாகச் சிறு லாட வளைவுகள், சிலவற்றுக்குள் ஒரு முகம் எட்டிப்பார்க்கும். சிற்பிகள் அதைக் ‘கூடு’ என்பார்கள். லோமச ரிஷியின் வாசலில் தொடங்கிக் கார்லே முகப்பில் மண்டபத்துக்கே வெளிச்சம் கொடுத்த அந்தச் சாளரம்தான் சுருங்கிச் சுருங்கி அங்கே அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

பெரும்பாலோர் அஜந்தா, எல்லோரா என்று ஓடுவார்கள். சத்ரபதி சம்பாஜிநகரில், அதாவது பழைய ஔரங்காபாதில் தங்கினால் இரண்டையும் பார்க்கலாம். அஜந்தா அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். இதைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்து, பூட்டிய வாசலைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு.

கட்டடக்கலைதான் நோக்கம் என்றால் நான் பாஜாவையும் கார்லேயையும் சொல்வேன். லோனாவ்லா, புணே இடையே ஓடும் லோக்கல் ரயிலில் மலவ்லியில் இறங்குங்கள். பாஜா நடந்தே போகும் தூரம், கார்லேக்கு ஆட்டோ வேண்டும். கார்லே வாசலை ஒட்டியே கோலி மக்களின் குலதெய்வம் ஏகவீரை கோயில் இருப்பதால் விழா நாட்களில் மலைப்படியில் கால்வைக்க இடம் இருக்காது. காலையில் பாஜாவில் சாய்ந்த தூண்கள், பிற்பகலில் கார்லேயில் குடத்துக்குள் நிற்கும் தூண்கள். கையில் ஒரு டார்ச் இருக்கட்டும், கூரையில் தேக்கு விலாக்களை எண்ண.